ஆப்பிள் கம்ப்யூட்டரில் பீங்கான் லோடு

“...இப்பத்தான்யா தெரியுது, பிரேக்கு பிடிக்கலன்னா எப்படி இருக்கும்னு!” என்று சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார்.

மேசைமேல் இருந்த ஆப்பிள் கம்ப்யூட்டரில் அவருடைய லாரி, முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில் மூக்கைக் கொடுத்து நின்றது. விளையாட்டு லாரிதான். பகல் பதினோரு மணி இருக்கும். நான் அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அண்ணி எனக்கு டீ எடுத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே காலை வைத்தார். வைத்த கால் வைத்தபடியே நின்றார்.

அந்த வார்த்தைக்கு அந்த வூட்டில் என்ன எடை என்று சொல்லாமல் மேலே போக முடியாது.

அண்ணன் என் கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் தெருவில் நாலு வூடு தள்ளி இருப்பவர். முப்பது வருஷம் லாரி டிரைவர். விருத்தாசலத்தில் லாரி டிரைவர் என்றால் அநேகமாகப் பீங்கான் லோடுதான். கரண்டு கம்பத்து இன்சுலேட்டர், சாமி பொம்மை, கக்கூஸ் பேசின், எதை ஏற்றினாலும் வைக்கோல் திணித்துத்தான் ஏற்றுவார்கள். போய்ச் சேரும்போது உடைந்திருந்தால் டிரைவர் தலையில் விடியும். அதனால் இந்த ஊர் டிரைவர்களுக்கு வலது காலில் ஒரு கூச்சம் உண்டு. அண்ணன் அதை அழகாகச் சொல்வார்: “பீங்கான் ஏத்தினவன் பிரேக்க மிதிக்கக் கூடாதுய்யா. தொட்டுக் கேக்கணும்.”

நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். படித்துத் தெரிந்துகொண்டதில்லை, பிரித்துப் போட்டுத் தெரிந்துகொண்டது. கடைக்கு வருகிற ஜனங்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு ருசி. நல்லதாக ஒரு வார்த்தை விழுந்தால் அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து அதில் எழுதி வைத்துவிடுவேன். அப்படிச் சேர்த்த அட்டைகளில் பாதி அண்ணன் சொன்னதுதான். சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு அவர் சொன்னது: “மேல இருக்கறவன் கிளச்ச எடுத்துக்கிட்டான்யா. பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் வுட்டுட்டான். இனிமே நான் ஆட்டோமேட்டிக்கு.”

சிரித்தோம். ஆனால் அவர் சிரிப்பது நாற்காலியில் இருக்கும் வரைக்கும்தான். நாற்காலியை விட்டு இறங்குவதை மனைவியைத் தவிர யாரும் பார்க்கக் கூடாது. கக்கத்தில் ஊன்றுகிற கட்டைக்கோலை எடுப்பதற்கு முன்னால், “நீ கொஞ்சம் தெருவப் பாருய்யா” என்பார். நானும் திரும்பித் தெருவைப் பார்ப்பேன். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

இனி அந்த விபத்து. பதினோரு வருஷத்துக்கு முந்தியது. பெண்ணாடம் போகிற ரோட்டில், பொழுது சாயும் நேரம். கரும்பு டிராக்டர் ஒன்று பின்பக்க விளக்கு இல்லாமல் ரோட்டோரம் நின்றிருக்கிறது. லோடு சரிந்ததென்று ஒரு ஆள் பின்னால் நின்று கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்துக் கூலி ஆள். அண்ணனுடைய லாரிக்கும் கரும்புக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டார். அங்கேயே முடிந்துபோனது.

“நான் மிதிச்சேன், பிரேக்கு பிடிக்கல.” போலீசில் அண்ணன் சொன்னது அது. அதையேதான் வூட்டிலும் டீக்கடையிலும் சொன்னார். அந்த லாரிக்கு முந்தின நாள்தான் பிரேக் லைனிங் மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் அண்ணியின் தம்பி. கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் சொந்தமாக ஷெட் போட்டிருந்தார். அக்கா புருஷன் வண்டி என்று சாப்பிடக்கூடப் போகாமல் செய்த வேலை. “நான் போட்ட லைனிங் பிடிக்காமப் போகாது மாமா” என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். யார் நம்புவது? ஒரு உசுரு போயிருக்கிறதே. அவர் கை பட்ட வண்டியில் ஏற டிரைவர்கள் பயந்தார்கள். ஆறு மாதத்தில் ஷெட்டை மூடினார். இப்போது திருப்பூரில் ஏதோ குடோனில் வாட்ச்மேன்.

அண்ணி புருஷன் பக்கம் நின்றார். பதினோரு வருஷம் தம்பியோடு பேச்சு இல்லை. அண்ணனுக்குக் கால் எடுத்த அன்று அந்தத் தம்பி ராத்திரி பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். அண்ணி வாசலிலேயே மறித்து, “இன்னும் என்னா பாக்க வந்த?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. அந்த விபத்தில், ஏற்றிப்போன சாமி பொம்மை லோடில் ஒரு பீஸ் கூட உடையவில்லை. வைக்கோலைப் பிரித்தபோது அத்தனை பொம்மையும் அப்படி அப்படியே உட்கார்ந்திருந்தன. “பிரேக்கு போன வண்டியில ஒரு மூக்கு ஒடையாம நிறுத்தினாரு பாரு, அவரு டிரைவரு!” என்று டீக்கடையில் நானே எத்தனை தடவை சொல்லியிருப்பேன். சொன்ன எனக்கு, அது எப்படி முடியும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

கால் போன பிறகு அவர் மகன், ஐதராபாத்தில் வேலை, தன்னுடைய பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, ஒரு ஸ்டீயரிங்கும் கால் பெடலும் வாங்கி அப்பாவுக்கு மாட்டிக் கொடுத்தான். லாரி ஓட்டுகிற ஒரு கேம். நம்ம ஊர் மாதிரி ரோடு, ஆடு மாடு, ரயில்வே கேட்டு எல்லாம் வரும். கடைசியில் லோடு எவ்வளவு சேதம் என்று காட்டும். அண்ணனுக்கு எப்போதும் பூஜ்யம்தான். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, பத்து மணிக்கு வண்டி எடுப்பார். ஒரு மணிக்கு எங்கேயாவது லோடை இறக்கிவிட்டுத்தான் சோறு.

இந்தப் பொங்கலுக்கு மகன் வந்தபோது பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தான் வைத்திருந்த ஆப்பிள் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனான். விலை உயர்ந்த சாமான், நல்ல மனசோடு கொடுத்தது. ஆனால் அந்த லாரி கேமை விண்டோஸுக்கு மட்டும்தான் செய்திருக்கிறார்கள். ஆப்பிளில் ஏறாது. மகனிடம் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. என்னிடம் சொன்னார்: “புது சம்பந்தி வூடு மாதிரி இருக்குதுய்யா இது. எல்லாம் பளபளன்னு இருக்குது, ஒண்ணத் தொட முடியல.”

அதற்கு மேல் சிரிப்பு இல்லை. அண்ணிதான் கடைக்கு வந்தார். “நாலு நாளா சுவத்தப் பாத்துப் படுத்திருக்காரு. சோறு வெச்சா வெச்ச மாதிரி இருக்குது. ஊசி போட்டுக்க மாட்டேங்கறாரு. லாரி ஓடலன்னா இந்த ஆளு எனக்கு இல்ல. எப்படியாவது ஓட வெச்சிக் குடுப்பா.”

“ஒரு மணி நேரத்து வேலை, போங்க அண்ணி” என்றேன். என் வாய் அப்படி.

எனக்குத் தெரிந்த முதல் வழி, ஆப்பிளின் ஹார்ட் டிஸ்க்கையே இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் விண்டோஸை ஏற்றுவது. திறந்து பார்த்தால் இது புது ஜாதி சிப்பு. பழைய ஆப்பிளில்தான் அந்த வேலை நடக்கும். இரண்டாவது வழி, ஆப்பிளுக்குள்ளேயே ஒரு ஜன்னல் திறந்து அதற்குள் விண்டோஸைக் குடிவைப்பது. ஏறியது. கேமும் திறந்தது. ஆனால் இருக்கிற நினைவகத்தில் இரண்டு குடும்பம் நடத்த முடியவில்லை. லாரி நாலடி போவதும் நிற்பதுமாக இருந்தது. “தேர் இழுக்கறியா?” என்றார் அண்ணன், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே.

மூன்றாவது வழி மொழிபெயர்ப்பு. விண்டோஸே வேண்டாம். கேம் விண்டோஸ் பாஷையில் கேட்பதையெல்லாம் ஆப்பிள் பாஷையில் மாற்றிச் சொல்கிற ஒரு மென்பொருள் இருக்கிறது. இதுதான் தேறும் என்று எனக்குப் பட்டது. ஆனால் கேமை முதலிலிருந்து மறுபடி இறக்க வேண்டும். எங்கள் தெரு இன்டர்நெட்டுக்கு அது இரண்டு நாள் வேலை. இறங்கட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் அவசரப்பட்டேன். அந்த மனுஷன் அன்றைக்கே எழுந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு. அதனால் இறங்குவதை நிறுத்தி வைத்துவிட்டு நாலாவது வழிக்குப் போனேன்.

நாலாவது வழியில் கேம் இந்த வூட்டிலேயே ஓடாது. எங்கேயோ ஒரு ஊரில் பெரிய கம்ப்யூட்டரில் ஓடும். படம் மட்டும் இன்டர்நெட்டில் இங்கே வரும். இங்கே மிதிப்பது அங்கே போய்ச் சேர்ந்து, அங்கே வண்டி நின்று, நின்ற படம் திரும்பி வர வேண்டும்.

சட்டையை மாட்டிக்கொண்டு அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. “டீ போட்டாறேன்” என்று உள்ளே போனார். இன்சுலேட்டர் லோடு மாதிரி ஒன்றை ஏற்றிக்கொண்டு அண்ணன் கிளம்பினார். முதல் வேகத்தடையிலேயே வண்டி தூக்கிப் போட்டது.

“ஏன்யா, தொட்டா கேக்க மாட்டேங்குது?”

“கொஞ்சம் லேட்டாதாண்ணே கேக்கும். தாலுக்கா ஆபீசுல மனு குடுத்த மாதிரி. போய்ட்டு வரணும்.”

“எங்கயோ குந்திக்கிட்டு எவனோ என் பிரேக்க மிதிக்கறான்யா” என்றார். முன்கூட்டியே மிதித்துப் பார்த்தார். ஒரு தடவை சரியாக வந்தது, ஒரு தடவை வரவில்லை. சேதம் நாற்பது என்று மூலையில் காட்டியது. நெற்றியில் வேர்வை. வளைவு திரும்பினால் பஸ் நிற்கிறது. வெறுங்காலால் பெடலை அடிமட்டம் வரைக்கும் மிதித்தார். அவர் அப்படி மிதித்து நான் பார்த்ததே இல்லை. வண்டி அது பாட்டுக்குப் போய் மோதியது.

அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

சிரிப்பு பாதியில் நின்றது. அவருக்கே காதில் விழுந்துவிட்டது போல.

அண்ணி மெதுவாகக் கேட்டார். “இப்பத்தான் தெரியுதா?”

“சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.”

“பதினோரு வருசமா பிரேக்கு பிடிக்கலன்னுதான சொன்னீங்க. அப்பவே தெரிஞ்சிருக்கணுமே, எப்படி இருக்கும்னு.”

அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்திருக்கலாமா, உட்கார்ந்திருக்கலாமா என்று தெரியாமல் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அவன் கற்பூரம் அடிச்சான். நான் நம்பலீங்க. உங்கள நம்பினேன். ராவெல்லாம் நின்னுக்கிட்டே பஸ்ஸுல வந்தவன ஒரு வாய் தண்ணி குடுக்காமத் தொரத்தினேன். சொல்லுங்க. அன்னிக்குப் பிரேக்கு பிடிச்சுதா?”

பொய் சொல்ல அவருக்கு அப்போதும் இடம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். நான்கூட உள்ளுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டேன் என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

“பிடிச்சுது” என்றார். “முழுசா மிதிச்சிருந்தா நின்னிருக்கும். நிக்கற ஆளு கண்ணுக்குத் தெரிஞ்சுது. பின்னால பொம்மை இருந்துது. தொட்டுத்தான் கேட்டேன்.”

அந்தத் ‘தொட்டுக் கேக்கணும்’ என் அட்டையில் இருக்கிறது. கடையில், மேசைக்கு மேலே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டி வைத்திருந்தேன்.

அண்ணி டம்ளரை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு சிந்தாமல் வைத்தார். அடுப்படிக்குப் போய்க் கதவை ஒருக்களித்தார். பாத்திரச் சத்தம் வரும், இல்லாவிட்டால் அழுகை வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டரில் பஸ் டிரைவர் மட்டும் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

“இந்தா...” என்று கூப்பிட்டார் அண்ணன். இன்னொரு தடவை கூப்பிட்டார். காலையில் வூடு கூட்டியபோது எடுத்து வைத்த கட்டைக்கோல் தெருக்கதவு ஓரம் சாய்ந்திருந்தது. எடுத்துக் கொடுக்கலாமென்று எழுந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தெருவைப் பார் என்றும் சொல்லவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துத் தரையில் இறங்கினார். இரண்டு உள்ளங்கையையும் சிமெண்டுத் தரையில் ஊன்றி, இருக்கிற காலை இழுத்து இழுத்து, அடுப்படிக் கதவைப் பார்த்து நகர ஆரம்பித்தார்.