இரண்டாம் தரம் கேட்காத ஊர்

தால் ஏரியின் படம் போட்ட தபாலட்டை ஒன்று என்னிடம் இருக்கிறது. ஏரியை நான் பார்க்கவில்லை. மணிலாவில் நாங்கள் தங்கிய விடுதியின் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்ற அட்டை அது. பெரிய ஏரி, அதன் நடுவே எரிமலைத் தீவு, அந்தத் தீவுக்குள்ளே இன்னொரு குட்டி ஏரி. அவ்வளவு தூரம் விமானத்தில் பறந்துபோய், பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்தில் போகக்கூடிய இடத்தைப் படத்தில் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எழுபதுகளின் கடைசியில், திருகோணமலையில் நான் வேலை பார்த்த துறைமுகக் கந்தோரிலிருந்து இரண்டு பேரைப் பயிற்சிக்கு மணிலாவுக்கு அனுப்பினார்கள். ஒருவன் நான். மற்றவர் எங்கள் பெரிய கிளாக்கர். இரண்டு கிழமைப் பயிற்சி முடிந்ததும், விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கென்று இருந்தது. இன்னொரு தரம் நான் கடல் கடக்கப் போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். கடக்கவும் இல்லை.

பெரிய கிளாக்கர் நல்ல மனிதர். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் ஊர் வழக்கத்தை இம்மியும் விடமாட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டால் முதல் தரம் வேண்டாம் என்போம். அது மரியாதை. இரண்டாம் தரம், உங்களுக்கு ஏன் கரைச்சல் என்போம். மூன்றாம் தரம் எழும்பிக் கை கழுவுவோம். கூப்பிடுகிறவருக்கும் இது தெரியும். மணிலாக்காரருக்குத் தெரியாதே! அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் யாரைக் கண்டாலும் வாருங்கள் சாப்பிடுவோம் என்பார். வேண்டாம் என்றால் சிரித்துத் தலையாட்டிவிட்டுத் தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்பார். கன்ரீனில், கடற்கரையில், பஸ் தரிப்பில், எல்லா இடத்திலும் இதே கதைதான்.

ஒருநாள் மாலை கடற்கரைக் கடையொன்றில், எங்களோடு பயிற்சியில் இருந்தவர்கள் உட்கார்ந்திருந்த வாங்கில் நகர்ந்து இடம் விட்டார்கள். வயிற்றைக் கீறித் தக்காளியும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட மீன். வாழையிலையில் சோறு. எல்லாரும் எங்களைப் போலவே கையால் சாப்பிட்டார்கள். பெரிய கிளாக்கர் இரண்டு பேருக்கும் சேர்த்து, இப்போதுதான் சாப்பிட்டோம் என்று நல்ல இங்கிலிஷில் சொன்னார். மத்தியானம் தின்ற பாண் துண்டுக்குப் பிறகு நாங்கள் ஒன்றுமே தின்னவில்லை.

"ஐயா, எனக்குப் பசிக்குது."

"கொஞ்சம் பொறும் தம்பி. இன்னொருக்காக் கேப்பினம். கேட்ட உடன கையை நீட்டினா, பஞ்சத்தில அடிபட்டு வந்ததுகள் எண்டெல்லே நினைப்பினம்."

ஒருவரும் கேட்கவில்லை. மீன் முள்ளானது.

பயிற்சி முடிந்த சனிக்கிழமை பயிற்சியாளர் எங்களிடம் வந்தார். மறுநாள் குடும்பத்தோடு தால் ஏரிக்குப் போகிறாராம், வான் வண்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதாம், ஏரிக்கரையில் சாப்பாடாம். "வேண்டாம், உங்களுக்குச் சிரமம்" என்றார் பெரிய கிளாக்கர். சரி என்று பயிற்சியாளர் கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் வாயைத் திறந்திருக்கலாம். மேலே இருப்பவர் வேண்டாம் என்ற பிறகு கீழே இருப்பவன் ஓம் என்பது எங்கள் கந்தோரில் நடவாத காரியம்.

ஞாயிறு காலையில் பார்த்தால், பெரிய கிளாக்கர் கோட்டுப் போட்டு, சப்பாத்து மினுக்கி, பயிற்சியாளரின் மனைவிக்குக் கொடுக்கவென்று, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கஜுப் பருப்புப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிறார்.

"ஐயாவுக்குப் போக விருப்பமோ?"

"விருப்பமில்லாமலே இந்த வெக்கைக்குள்ள கோட்டுப் போட்டனான்? அந்தாள் இன்னொருக்கா வந்து கேட்கும், பாரும்."

மத்தியானம் வரை கோட்டைக் கழற்றவில்லை. எனக்கு அவரைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது. அடுத்த நாள் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த பயிற்சியாளர், சாப்பாடு மிஞ்சிவிட்டது, நீங்களும் வந்திருக்கலாமே என்றார். பெரிய கிளாக்கர் கஜுப் பொதியை அவரிடம் நீட்டினார். அவர் முதல் தரத்திலேயே வாங்கிக்கொண்டார்.

அந்தக் கோபத்தை ஊருக்கும் கொண்டுவந்தேன். அடுத்த வருஷம் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் வீடு கட்டிக் குடிபூரலுக்குச் சொல்லப் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போனேன். "ஏன் தம்பி கரைச்சல், உங்கட ஆக்களோட செய்யுங்கோவன்" என்றார். அவர் சொன்னதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, "சரி ஐயா" என்று எழும்பி வந்துவிட்டேன். அவர் வரவில்லை. கந்தோரில் முன்போலவே என்னோடு கதைத்தார்.

சில வருஷங்களில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று அவருடைய மனைவி என்னைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"உங்கட குடிபூரலுக்குக் குடுக்கவெண்டு மனுசன் ஒரு சுவர் மணிக்கூடு வாங்கி வைச்சவர், தம்பி. நீங்கள் சொல்ல வாறதுக்கு முதலே வாங்கினவர். சுத்தின பேப்பரோட அலுமாரிக்குள்ள கிடக்கு. கொண்டு போங்கோ."

முதல் தரம் வழக்கப்படி "வேண்டாமக்கா" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பக் கேட்கவில்லை.