தண்ணீர் குளிர்ந்தபோது

மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஹீட்டரில் சூடு தீர்ந்து, குழாயில் திடீரென்று குளிர்ந்த நீர் வந்தது. அது காலில் பட்டதும் சிறுவயதின் நெய்யாறு வந்துவிட்டது. சவுக்கார மணம், மிதந்துவரும் ரப்பர் இலைகள், ஈரப் பாறையில் வெயில்.

எங்கள் கடவில், ஆற்றுப் படித்துறையில், அம்மா துணி துவைப்பாள். நான் முழங்கால் தண்ணீரில் மீன்குஞ்சுகளோடு நிற்பேன். மேலே அணையில் ஷட்டர் திறக்கும்போது ஊதும் சைரன் அங்கே கேட்காது. அம்மாவுக்குத் தன் கால்தான் சைரன். அணையின் ஆழத்துத் தண்ணீர் முதலில் குளிராக வரும், பிறகுதான் ஆறு பொங்கும் என்பாள்.

ஒரு வாரம், சர்ச்சில் திருவிருந்து மேசைக்கு விரிக்கும் வெள்ளைத் துணியைத் துவைக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. அதை அலசிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

"மக்கா, தண்ணி குளுருது. கரையில கேறு."

"அம்மா, துணி போவுது."

"அது போட்டு. நீ கேறு."

நான் அசையாமல் நின்றதால் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறினாள். நாங்கள் பார்த்திருக்கவே பாறை முங்கியது. வெள்ளை விரிப்பு அவசரமில்லாமல் வளைவு திரும்பி மறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேசையில் வேறு விரிப்பு இருந்தது. ஓரத்துச் சரிகையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், அம்மாவின் வெள்ளைக் கல்யாணப் புடவை. அவள் அதைப் பார்க்காமல் பாடிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா என்னத் தூக்குன?" என்றாள் மகள்.

அவள் சோப்பு நுரையோடு என் இடுப்பில் இருந்தாள். நான் குளியலறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.