அத்தாவின் வாத்தியக் கடை காலியானபோது

அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஐப்பசி மாதத்தில் என்னைப் பெற்ற அத்தா இறந்துபோனார். நான் கல்யாணமாகி சிவகாசியில் இருந்தேன். தீபாவளி நெருங்கியிருந்த நேரம். பட்டாசு லோடு ஏற்றிய லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால், நானும் என் கணவரும் பிள்ளைகளும் ஏறிய பஸ் ஊர்ந்து ஊர்ந்துதான் விருதுநகர் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அத்தாவைப் பள்ளிவாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை.

அத்தா கடைவீதியில் வாத்தியக் கடை வைத்திருந்தார். முன்பக்கம் கடை, பின்பக்கம் எங்கள் வீடு. நடுவில் ஒரு கதவு, அதில் ஒரு பச்சைத் திரை. ஆர்மோனியப் பெட்டி, மிருதங்கம், டோலக், பிடில், புல்லாங்குழல் எல்லாம் கடையில் இருக்கும். நாடகக்காரர்கள், பஜனை பாடுகிறவர்கள், சர்ச்சில் வாசிக்கிறவர்கள் என்று எல்லா ஊரிலிருந்தும் ஆள் வரும். ரிப்பேர் வேலையும் அத்தாவே பார்ப்பார். எங்கள் சொந்தத்தில் சிலருக்கு இந்தத் தொழில் பிடிக்காது. "பருப்பு வியாபாரம், மிளகா வியாபாரம்னு ஊர்லே எம்புட்டு இருக்கு, இவருக்கு இதுதான் கெடச்சுதா" என்பார்கள். அத்தா சிரித்துக்கொண்டே அவர்களுக்கு டீ வாங்கிவரச் சொல்லுவார்.

அம்மா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டிய காலம் அது. அவளுக்குத் துணையாக என்னையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு என் கணவர் சிவகாசிக்குத் திரும்பினார். அங்கே லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் அவருக்கு வேலை.

எனக்கு ஒரே அண்ணன். அவன் தனியாகக் குடும்பம் நடத்திக்கொண்டு, பருப்பு மண்டியில் பங்குக்கு இருந்தான். பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து, அத்தாவின் சொத்தை இழுத்தடிக்காமல் பங்கு வைத்துவிடுவது நல்லது என்று சொன்னார்கள். சொத்து என்றால் அந்த வீடும் கடையும், கடைக்குள் இருந்த வாத்தியங்களும்தான். அண்ணனுக்கு ஒரு மிருதங்கத்தைக்கூட மாட்டிவைக்கத் தெரியாது. "நான் மண்டியப் பாப்பேனா, இதப் பாப்பேனா? சரக்கை முதல்லே வித்திருவோம், பெறவு வீட்டைப் பாத்துக்கிடலாம்" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அம்மாவும் சரி என்று தலையாட்டினாள்.

அப்படித்தான் கடை காலியாக ஆரம்பித்தது. அண்ணன் காலையில் வந்து கதவைத் திறப்பான். ஆட்கள் வருவார்கள். வாத்தியத்தை யாரும் சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை. தட்டிப் பார்ப்பார்கள், ஊதிப் பார்ப்பார்கள், மீட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தம் முழுக்கத் திரையைத் தாண்டி அம்மா உட்கார்ந்திருந்த அறைக்கு வரும். மவுத்து விழுந்த வீட்டில் நாள் முழுக்க டோலக் சத்தமும் குழல் சத்தமும் கேட்டால் எப்படி இருக்கும்? எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கும். பின்கட்டுக்குப் போய்விடலாம் வா என்று கூப்பிட்டேன். அம்மா வரவில்லை.

"இங்கனயே இருக்கேன். எது எது போகுதுன்னாவது தெரியட்டும்" என்றாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்தது. "இப்பத் தட்டுறது புதுத்தோல் போட்ட டோலக். உங்கத்தா வெயில்லே வச்சு எடுத்தாக" என்பாள். "அந்தப் பிடில் போகுதாட்டி? அதுக்குக் கம்பி மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக" என்பாள். ஒவ்வொன்றும் போகப் போக அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் சொல்வதையே நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் காலையில் கடையில் யாரோ ஆர்மோனியம் வாசித்துப் பார்த்தார்கள். கட்டைகளில் மேலே ஒருதரம் போய்க் கீழே ஒருதரம் வந்தார்கள். நடுவில் ஒரு கட்டை மட்டும் தொண்டை கட்டினது மாதிரி கரகரத்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்தாள்.

"என்னம்மா?"

"அது கடைப்பெட்டி" என்றாள். "அது விக்கிறதுக்கு உள்ளது இல்லட்டி."

"நிறுத்தச் சொல்லட்டுமா?"

"வேணாம். என்னன்னு சொல்லி நிறுத்துவ? பொம்பளைக்கு எதுக்குப் பெட்டின்னு நாலு பேரு கேக்க மாட்டாகளா?"

நான் எழுந்து திரை வரைக்கும் போனேன். அவளும் பின்னால் வந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பேச்சு முடிந்து, யாரோ பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. படியில் காலடி இறங்கியது. அதற்குப் பிறகுதான் அம்மா முந்தானையை விட்டாள்.

அன்று மத்தியானம் அவளே சொன்னாள். சில வருஷங்களுக்கு முன் அத்தாவுக்கு லேசாக வாதம் வந்து, இடது கை சரியாகத் தூக்க முடியாமல் போனது எங்களுக்குத் தெரியும். வைத்தியம் பார்த்துக் கை குணமாகிவிட்டது என்று அத்தா சொன்னார், நாங்களும் நம்பினோம். குணமாகவே இல்லை. கடைக்கு வருகிறவர்கள் முன்னால் அந்தக் கையை மடியில் வைத்தபடி, ஒரு கையாலேயே எல்லாம் செய்து சமாளித்திருக்கிறார். ஆர்மோனியத்துக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை பின்னால் துருத்தியைத் தள்ளிக் காற்று போட வேண்டும், மறு கை கட்டையை அமுக்க வேண்டும். சுதி சேர்க்கிற வேலைக்கு வந்த பெட்டிகளை என்ன செய்வார்?

"மத்தியானம் சாப்பிட்டுக் கடையை அடைச்சிருப்போம்லா? அப்ப என்னைக் கூப்பிடுவாக. நான் காத்து போடுவேன், அவுக சுதி பாப்பாக" என்றாள் அம்மா. "வேலை முடிஞ்சதும் அந்தக் கடைப்பெட்டிய எடுப்பாக. அது அவுகளுக்குன்னு செஞ்சது. வாசிப்பாக. நான் தள்ளிக்கிட்டே இருப்பேன். மெதுவா தள்ளுன்னா மெதுவா தள்ளுவேன். ஒண்ணும் பேச மாட்டோம். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் எந்திரிச்சுருவோம்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா."

"கை வரலைன்னு தெரிஞ்சா உங்கண்ணன் கடையை மூடச் சொல்லிருவான்னு அவுகளுக்குப் பயம்."

நான் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் மட்டும் எப்படிப் பொழுதைக் கழிக்கிறார்கள் என்று பலமுறை கவலைப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கு இப்படி ஒரு மத்தியானம் இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்ததும் சந்தோஷம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

சாயங்காலம் வாங்க வந்தவர்கள் போனதும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கல்லாவுக்கு முன்னால் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"போன பெருநாளைக்குக்கூட அவுக கையப் புடிச்சுப் பாத்தேனே. அத்தா, எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லா இருக்குலே, போய் வேலையைப் பாருன்னாகளே" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லு, பெட்டி வந்துரும்" என்று கிளம்பினான்.

வாங்கியவர் ஆனைக்குட்டம் கிராமத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி. கொஞ்சம் நிலபுலம் உள்ளவர்; மார்கழி பஜனைக்கு ஊரில் ஆர்மோனியம் வாசிப்பவர். பல வருஷமாக அத்தாவிடம் வருகிறவர். அண்ணன் மறுநாள் அங்கே போய் விஷயத்தைச் சொன்னதும், அவர் உடனே உள்ளே போய்ப் பெட்டியை ஒரு வேட்டியில் கட்டிக் கொண்டுவந்து வைத்தாராம். "அந்தம்மாவுக்கு உள்ளதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன் தம்பி" என்றாராம். அண்ணன் அதைப் பஸ்ஸில் யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தான். திரைக்கு உள்ளே அம்மா முன்னால் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

அன்றைக்கு முழுவதும் அம்மா அந்த மூட்டையை அவிழ்க்கவில்லை. மறுநாள் சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அவிழ்த்தாள். பெட்டிக்குப் பின்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். துருத்தியைத் தள்ளினாள். கட்டையை அமுக்க எதிரில் ஆள் இல்லை. காற்று உள்ளே போய் உஸ்ஸென்று வெளியே வந்தது. அவள் தள்ளிக்கொண்டே இருந்தாள். யாரோ தூங்கிக்கொண்டு மூச்சுவிடுவது மாதிரி இருந்தது அந்தச் சத்தம்.

என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எதிரில் போய் உட்கார்ந்து ஒரு கட்டையை அமுக்கினேன். பிறகு இன்னொன்று. எனக்கு வாசிக்கத் தெரியாது. வாத்தியக் கடைக்காரர் மகளாகப் பிறந்தும் எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு சத்தமும் சேராமல் அலறின.

"போதும்ட்டி" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை.

இத்தா முடிந்து அம்மா குளித்து வெளியே வந்த வாரத்தில், அந்த ஆனைக்குட்டத்துக்காரரை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். எதற்கு என்று எங்களிடம் சொல்லவில்லை. அவர் வந்து காலிக் கடையில், அண்ணன் போட்ட பாயில் உட்கார்ந்தார். அம்மா திரைக்கு இந்தப் பக்கம் இருந்தாள். நான் பெட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டு அம்மா பக்கத்தில் வந்து நின்றேன்.

"எனக்கு இது வேணாம்மா. நீங்களே வச்சுக்கிடுங்க. மதுரையிலே வேற வாங்கிக்கிடுதேன்" என்றார் திரையைப் பார்த்து.

"அதுக்கில்ல. அவுக வாசிப்பு நீங்க கேட்டிருப்பீக. தெரிஞ்சதை ஒரு தரம் வாசிங்க, கேக்கணும்" என்றாள் அம்மா.

அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு வாசித்தார். அத்தா கடையில் கூட்டமில்லாத நேரத்தில் மெல்ல வாசிக்கும் மெட்டு அது. சின்ன வயசில் நானும் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் வாசித்தார். அந்தக் கரகரத்த கட்டை வரும்போது விரலைக் கொஞ்சம் லேசாக வைத்தார். அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அம்மா திரையை ஒரு விரற்கடை விலக்கிப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, அவர் கைகளைப் பார்த்தாள். வலது கை கட்டைகளின் மேல் ஓடியது, இடது கை துருத்தியைத் தள்ளியது. வாசித்து முடிக்கிற வரை பார்த்துவிட்டுத் திரையை விட்டாள்.

"பெட்டி அதேதான்" என்றாள் என்னிடம், மெல்லிய குரலில். "ஆனா இவுகளே காத்து போட்டுக்கிடுதாக. ரெண்டு கையும் நல்லா இருக்கு."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். நெடுநேரம் அழுதாள். வெளியே இரண்டு ஆண்களும் எழுந்துபோகாமல் அங்கேயே இருந்தார்கள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு குரலைச் சரிசெய்து சொன்னாள்: "எடுத்துக்கிட்டுப் போங்க. சும்மா வச்சா பூச்சி அரிச்சிரும். வாசிக்கிற வீட்டிலே இருக்கட்டும்."

அவர் மறுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு மற்றதெல்லாம் சீக்கிரமாக நடந்தது. வீடும் கடையும் ஒரு மிளகாய் வியாபாரிக்குக் கைமாறின. பள்ளிவாசல் பெரியவர்கள் முன்னிலையில் மார்க்கப்படி பங்கு பிரித்தார்கள். அண்ணனுக்கும் எனக்கும் மனத்தாங்கல் எதுவும் வரவில்லை. அம்மா தன் பங்கு எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. அண்ணன் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான். "இந்தத் தெருவைத் தாண்டித்தானே உன் வீட்டுக்குப் போகணும்? என்னால முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு என்னோடு சிவகாசிக்கு வந்துவிட்டாள்.

சிவகாசியில் எங்கள் வளவில் இருந்த நாலைந்து வீட்டுப் பெண்கள் வீட்டிலேயே தீப்பெட்டிக் கூடு ஒட்டுவார்கள். வந்து கொஞ்சநாள் ஆனதும் அம்மா அவர்களோடு போய் உட்கார ஆரம்பித்தாள். காலையில் போக மாட்டாள், சாயங்காலமும் போக மாட்டாள். எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் பசைக் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். ஒருமுறை பார்க்க வந்த அண்ணன் அதைக் கண்டு என்னைத் திட்டினான்.

"நம்ம அம்மா தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கணுமா? ஊர்லே என்னைப் பத்தி என்ன பேசுவாக? நீ என்ன பாத்துக்கிடுத?"

"அவளை வையாதே" என்றாள் அம்மா, கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாந்தான் கேட்டு வாங்கினேன். காலையிலே இவ புள்ளைகளப் பாக்கிறேன், ராத்திரி கண்ணை மூடினா தூக்கம் வந்துருது. இந்த மத்தியானத்தைத்தான் என்ன செய்யன்னு தெரியலைய்யா."

அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவள் ஒட்டிப்போட்ட ஈரக் கூடுகளை எடுத்து ஒவ்வொன்றாக வெயிலில் காய வைத்தான்.