இடது பக்க பால்கனியிலிருந்து மணப்பாடு

சொந்த ஊருக்கு வந்து சேர எண்பத்தேழாயிரம் ரூபாய் செலவழித்த ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம். ஐம்பத்திரண்டு வருஷமாகத் தூத்துக்குடியில் இருக்கிறேன். கரையில் நின்று கப்பலைப் பார்த்தே காலம் போய்விட்டது. ஒரு தடவையாவது கப்பலில் நின்று நம் கரையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. கொச்சியில் கிளம்பி, தூத்துக்குடி, கொழும்பு போய், திரும்பக் கொச்சிக்கே வரும் நான்கு இரவுச் சொகுசுக் கப்பல் ஒன்று இருப்பது தெரிந்ததும், இந்தப் பொங்கல் முடிந்த வாரத்துக்கு இடம் போட்டுவிட்டேன்.

"ஏளா, இருக்குத ஊருக்கு வாரதுக்கு எவளாவது கப்பல் புடிப்பாளா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். கேட்டுவிட்டு, மறுநாளே போய் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்க்குத் தூரநோக்கி ஒன்று வாங்கிவந்தார். அவருக்கும் ஆசைதான், வாயால் சொல்ல மாட்டார். பாத்திரக் கடையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு, ராத்திரி ரயிலில் எர்ணாகுளம் போனோம்.

மதியம் ஒரு மணிக்குத் துறைமுகத்தில் வரிசை. பாஸ்போர்ட், பெட்டிச் சோதனை எல்லாம் முடிந்து மூன்றரைக்கு அறைச்சாவி கைக்கு வந்தது. சாவி என்றால் ஓர் அட்டை. கதவு திறக்க, ஜூஸ் வாங்க, கரையில் இறங்கி ஏற எல்லாவற்றுக்கும் அதுதான், கழுத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் அறை எட்டாம் தளத்தில், இடது பக்கம், பால்கனியோடு. உள்ளறை எடுத்தால் இருபத்திரண்டாயிரம் குறையும், ஆனால் ஜன்னல் கிடையாது. கப்பலில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஐந்தரைக்குக் கப்பல் நகர்ந்தது. நகர்ந்ததே தெரியவில்லை. கரைதான் எங்களை விட்டுவிட்டு எங்கோ புறப்பட்டுப் போகிற மாதிரி இருந்தது. பதினோராம் தளத்தில் நீச்சல் குளம், அதன் ஓரத்தில் ஒருத்தர் கிடார் வாசிக்கிறார், குளத்துத் தண்ணீரும் கடலும் ஒரே சாய்வில் ஆடுகின்றன. நான் சாய்வு நாற்காலியில் படுத்தேன். கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று எனக்கே தெரியாத ஒரு மணி நேரம் அது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அடிக்க வருவீர்கள். பதினோராம் தளத்தில் காலை ஏழு முதல் இரவு பத்து வரை நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே. தயிர்சாதம் உண்டு, ஊறுகாய் சுமார். ஐந்தாம் தளத்தில் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய கூடம். ஏழரைக்குப் போனால் சூப்பில் தொடங்கி ஐந்து வகை, ஒன்றுக்கொன்று கால் மணி நேரம் இடைவெளி. இரண்டும் டிக்கெட்டிலேயே சேர்த்தி. "ரசம் வருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் எங்கள் வீட்டுக்காரர். வரவில்லை.

அந்தக் கூடத்தில்தான் லூர்துவைப் பார்த்தேன். எங்கள் மேசைக்குப் பரிமாறுகிற பையன், முப்பது வயசு இருக்கும். துணியை அன்னப்பறவையாக மடித்து வைத்திருந்தான். நான் கைப்பையிலிருந்து எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, தூத்துக்குடியா?"

"ஆமாய்யா. நீ எந்த ஊரு?"

"மணப்பாடு."

எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கிற கடற்கரை ஊர். போதாதா? பேச்சு ஆரம்பித்தால் நிற்குமா? அவன் கொண்டுவந்த மீனில் முள்ளே இல்லை, அதைப் பற்றி மட்டுமே பத்து நிமிஷம் பேசினோம். சாப்பிட்டு முடித்ததும் கூடத்தின் தலைவரிடம் நேரே போனேன். வடக்கத்தி மனுஷர், கோட்டும் டையுமாக நின்றார். "இனி எங்களுக்கு எல்லா வேளையும் லூர்துதான் பரிமாறணும். தூத்துக்குடியில நாங்க இறங்கப் போறதில்லை, எங்க ஊரை நாங்க பார்க்காததா? அன்னிக்கு மதியமும் இங்கேதான் சாப்பாடு, அன்னிக்கும் அவன்தான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். ஊர்ப் பையனுக்கு நல்லது செய்துவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் நாள் முழுக்கக் கடல். காலையில் யோகா, பதினோரு மணிக்குக் காய்கறியில் பூ செதுக்கிக் காட்டினார்கள், மாலை ஆறுக்கு ஆறாம் தளத்து அரங்கில் மாயவித்தைக்காரர். இலவசம்தான், ஆனால் இருபது நிமிஷம் முன்னாடி போனால்தான் இடம். அரங்குக்கு வெளியே ஒரு நகைக்கடையில் முத்து விற்கிறார்கள். முத்துக்குளித்துறைக்காரியான என்னிடமே, சீனத்து முத்து, ஒரு தொங்கட்டான் ஒன்பதாயிரம்! கப்பல் இணையம் ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு ரூபாய். நாங்கள் வாங்கவில்லை, நீங்களும் வாங்காதீர்கள். போன் இல்லாமல் கடலைப் பார்க்கிற சுகமே வேறு. மதியம் பால்கனியில் உட்கார்ந்தேன். தண்ணீர் நீலம், பிறகு கருநீலம், பிறகு பெயர் தெரியாத ஒரு நிறம். அப்படியே தூங்கிப்போனேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில்தான் கேட்டேன், "என்ன லூர்து, நாளைக்கு வீட்டுக்குப் போவல்லா?"

"இல்லக்கா. நாளைக்கு உங்களுக்கு லஞ்ச் இருக்குல்லா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகு சொன்னான். அவனுக்கு நாலு மாசத்தில் ஒரு பெண் குழந்தை. ஏழு மாசத்துக்கு முன்னால் கப்பல் ஏறினவன், குழந்தையைப் போனில்தான் பார்த்திருக்கிறான். கப்பல் கரையில் நின்றால், ஊழியரில் ஒரு பகுதி கப்பலிலேயே இருக்க வேண்டும், தீ கீ பிடித்தால் ஆள் வேண்டுமே. இந்தக் கப்பல் தூத்துக்குடிக்கு வருவது இதுதான் முதல் தடவையாம். அங்கே இறங்குவதற்காக, முந்தைய மூன்று ஊர்களில் அடுத்தவனுக்குப் பதிலாக இவன் இருந்து முறை மாற்றிவைத்திருந்தான். பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தூத்துக்குடிக்கு வருவதாக ஏற்பாடு. நான் மதியச் சாப்பாட்டுக்கு அவனைக் கேட்டதும், இவனைக் கப்பலில் இருக்கும் பட்டியலில் போட்டுவிட்டார்கள்.

தட்டைத் தள்ளி வைத்தேன். "ஏன்யா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?" என்றேன்.

"எப்படிக்கா சொல்லுவேன்? நீங்க ஆசையா கேட்டிருக்கிய."

எழுந்து தலைவரிடம் ஓடினேன். எங்களுக்குச் சாப்பாடே வேண்டாம், அவனை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். பட்டியல் மதியமே கேப்டனிடம் போய்க் கையெழுத்தாகிவிட்டது, இனி ஒரு பெயரைக்கூட மாற்ற முடியாது என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பாவி, நான்தானே வாயைக் கொடுத்தேன். அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்தபோது லூர்து என்னைத் தேற்றினான். கப்பல் காலையில் ஏழேகால் வாக்கில் மணப்பாட்டைத் தாண்டும், பெண்டாட்டி சிலுவைக் கோயில் மேட்டில் நின்று, வெயில் பட்டு மின்னும்படி முகக்கண்ணாடி காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள் என்றான். தோணியில் போகிற ஆட்களுக்கு அந்தப் பக்கத்து வீடுகளில் அப்படிக் காட்டுவது வழக்கமாம். "ஆனா ஏழேகாலுக்கு நான் கூடத்துல ஃபோர்க் அடுக்கிட்டு இருப்பேன். அங்கன ஜன்னல் வலது பக்கம்."

அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. எங்கள் பால்கனி இடது பக்கம், கரையைப் பார்த்த பக்கம். மறுபடியும் தலைவரிடம் போனேன். "நாளைக்குக் காலை ஏழு மணிக்கு எங்க அறைக்கு டீ வேணும். லூர்துதான் கொண்டுவரணும். பால்கனியில நின்னு ஊத்தித் தரணும்." அறைக்கு டீ கொண்டுபோவது அவன் வேலையே இல்லை. ஆனால் விருந்தாளி கேட்டால் இல்லை என்று சொல்ல அந்த மனுஷருக்குத் தெரியாது. நிச்சயமாக, மேடம், என்றார்.

ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். தட்டோடு லூர்து. சூரியன் எங்களுக்குப் பின்னால், கப்பலின் மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் எட்டொன்பது கிலோமீட்டரில் கரை, பனை வரிசை, மஞ்சள் மணல், எல்லாம் பால் கலந்த மாதிரி மங்கல். அந்தக் கரையில்தான் நான் பிறந்தேன், வளர்ந்தேன், சண்டை போட்டேன். இங்கிருந்து பார்த்தால் யாரும் பேசாத ஊர் போல இருந்தது. ஒலிபெருக்கியில் பழைய முத்துப் படுகைகளைப் பற்றி யாரோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தூரநோக்கியை லூர்து கையில் கொடுத்தார் எங்கள் வீட்டுக்காரர்.

"கோயில் தெரியுதாலே?"

"தெரியுது அண்ணாச்சி. வெள்ளையா."

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. கோயில் மேடு எங்களுக்கு நேரே வந்து, மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது. நான் சாமியெல்லாம் கூப்பிட்டுவிட்டேன், அவன் சாமி, என் சாமி எல்லாரையும். அப்போது அந்த வெள்ளைக்குக் கீழே ஒரு பொறி. அணைந்தது. மறுபடியும் ஒன்று. தூரநோக்கியே தேவைப்படவில்லை, வெறுங்கண்ணில் சுள்ளென்று அடித்தது. ஏழெட்டுத் தடவை மின்னியது.

"பாத்துட்டேன்" என்றான் லூர்து. அவ்வளவுதான். தூரநோக்கியைத் திருப்பிக் கொடுத்தான், கெட்டிலை எடுத்தான், இரண்டு கோப்பையிலும் ஒரு சொட்டு சிந்தாமல் டீ ஊற்றினான், சர்க்கரை எத்தனை என்று கேட்டான்.

பத்து மணிக்குத் துறைமுகம். கிளம்பும் நேரம் மாலை ஆறு, ஐந்துக்குள் ஏறிவிட வேண்டும். இறங்க மாட்டேன் என்றவள் முதல் ஆளாக இறங்கினேன். முந்தைய பயணம் ஒன்றில் கொழும்பில் லூர்து குழந்தைக்கு வாங்கிவைத்து, என்னிடம் கொடுத்தனுப்பிய கவுன் ஒன்று என் பையில். வாசலில் டாக்சி பேசினோம், மணப்பாடு போய்வர அறுபதும் அறுபதும் நூற்றிருபது கிலோமீட்டர், காத்திருப்போடு இரண்டாயிரத்து ஐந்நூறு.

"கப்பல்ல வந்தவிய எல்லாரும் பாஞ்சாலங்குறிச்சிக்குல்லா போறாவ? நீங்க என்ன மணப்பாட்டுக்கு?" என்றார் டிரைவர்.

"ஒரு பிள்ளையப் பாக்கணும் அண்ணாச்சி" என்றேன். சாகுபுரம், திருச்செந்தூர் தாண்டி ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுவிட்டார்.

லூர்துவின் பெண்டாட்டி பிரின்ஸி குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். யார் என்று சொன்னேன். நான்தான் அந்த மதியச் சாப்பாட்டுக்காரி என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் ஒரு நிமிஷம் கல்லானது. "தெரியாமத்தான செஞ்சிய" என்றாள் பிறகு. குழந்தையை என் பக்கம் நீட்டினாள். எனக்குக் கை நீளவில்லை. பெற்றவனுக்கு வாய்க்காததை நான் எப்படி வாங்குவேன்? பாதத்தை மட்டும் தொட்டேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை.

"அக்கா, கண்ணாடியப் பாத்துட்டு அவிய அழுதாவளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எங்களுக்கு டீ ஊத்துனான்."

பிரின்ஸி சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. "அப்ப அழுதிருக்காவ. அழுகை வந்தா கைக்கு வேலை குடுத்துருவாவ."

இனி, போக நினைப்பவர்களுக்கு. கொச்சியிலிருந்து வருவதென்றால் இடது பக்க அறை கேளுங்கள், காலை ஆறரைக்கே பால்கனியில் இருங்கள். சின்னத் தூரநோக்கி அவசியம். குமட்டலுக்கு இஞ்சிமிட்டாய் போதும். தூத்துக்குடியில் கட்டாயம் இறங்குங்கள், மணப்பாடு போய்வர நேரம் இருக்கிறது. பரிமாறுகிற பிள்ளைகள் உங்களிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது, அது அவர்கள் வேலை. அதனால் யாரையாவது பிடித்துப்போய், இவர்தான் வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் அந்த ஆளிடம் பேசிவிடுங்கள். எந்த ஊர் என்று நானும்தான் கேட்டேன். ஊரில் யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.