நாலு கேமராவுக்கு நடுவில்

எங்கள் கணிதத் துறையில் அவருக்கு ‘ஓட்டை மேடம்’ என்று பெயர். வைத்தது மாணவர்கள். “ஓட்டையை எண்ணுறதுதானே என் பிழைப்பு” என்று அவரே ஒரு கூட்டத்தில் ஒப்புக்கொண்டதால் யாரும் முதுகுக்குப் பின்னால் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பதினாறு வருடம் அவருக்கு எதிர்மேசைக்காரன் நான். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு காவலரைச் சதை பிய்யக் கடித்தார்.

அவருடைய ஆராய்ச்சி டோபாலஜி, வடிவங்களையும் அவற்றிலுள்ள ஓட்டைகளையும் பற்றிய கணிதம். ஓடு வேய்ந்த கூரை மாதிரி என்பார். எந்த ஓடு எந்த ஓட்டின்மேல் படிகிறது என்ற பட்டியல் மட்டும் இருந்தால் போதும், கூரைமேல் ஏறாமலே எங்கே ஒழுகும் என்று இயற்கணிதத்தை வைத்துச் சொல்லிவிடலாம். ஓட்டுக்குப் பதில் கேமரா. மத்தியச் சிறையில் அறுபத்துநாலு கேமரா; அவற்றின் பார்வையில் எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையை மேடத்திடம் கொடுத்திருந்தார்கள். வரைபடம் தர மாட்டார்கள், ரகசியம். எந்தெந்தக் கேமராக்கள் ஒரே இடத்தைச் சேர்ந்து பார்க்கின்றன என்ற பட்டியல் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்.

ஜனவரிப் பட்டியலில் ஓட்டை இல்லை. ஏப்ரல் பட்டியல் வந்தபோது தேர்வுத்தாள் மலை மாதிரிக் குவிந்திருந்தது. அதையெல்லாம் திருத்தி முடித்து ஜூனில்தான் கணக்கைப் போட்டார். நாலு கேமராவுக்கு நடுவில் ஒரு ஓட்டை.

சிறைக் கண்காணிப்பாளருக்குப் போன் செய்தார்.

“சின்ன இடைவெளி மேடம், விடுங்க” என்றார் அவர்.

“ஜனவரியில இல்லையே சார். யார் திருப்பினாங்க?”

“வியாழக்கிழமை நாலு மணிக்கு வாங்க. நேர்லயே பாருங்க.”

அன்றைக்கு மதிய வகுப்பு ரத்தானதால் மேடம் மூன்றுக்கே போய்விட்டார். வாசலில் இருந்த குமாஸ்தாவுக்கு விவரம் தெரியாது. பட்டியலில் இருந்த கேமரா எண்களைப் பார்த்துவிட்டு, “சலவை அறைப் பக்கம்தான், வாங்க” என்று கூட்டிக்கொண்டு போனார்.

ஈரக் கம்பளியை அடித்துத் துவைக்கிற சத்தம் என்றுதான் முதலில் நினைத்தாராம். கதவைத் தள்ளினால் மூன்று காவலர்கள். தண்ணீர்க் குழாயோடு துண்டால் கட்டப்பட்டு ஒருவன். செம்புக் கம்பி திருடி மாட்டிய ஆள் அவன். தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. தரையில் சோப்பு நுரையில் இரண்டு பல்.

“நிறுத்துங்கய்யா! செத்துடுவான்!”

“யாரும்மா நீ? வெளிய போ.”

ஓங்கிய தடியை மேடம் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். அந்தக் காவலர் மேடத்தின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, சலவை இயந்திரத்தின் விளிம்பில் அவரை மோதினார். வலது மணிக்கட்டு சுள்ளி மாதிரி ஒடிந்தது. முகத்துக்கு நேரே வந்த கையை அப்போதுதான் கடித்தார். குமாஸ்தா அலறிக்கொண்டு ஓடிப்போய் அபாய மணியை அழுத்தும்வரை விடவில்லை.

மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளர் வந்தார், பழக்கூடையோடு. “ஈரத் தரையில வழுக்கி விழுந்தீங்கன்னு எழுதிக்குவோமே மேடம். எல்லாருக்கும் நல்லது.”

மேடத்தின் கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். கரப்பானைக்கூடக் காகிதத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடுகிற மனிதர். கையிலிருந்த சுடுதண்ணீர் ஃபிளாஸ்க்கை அப்படியே விட்டெறிந்தார். கண்காணிப்பாளருக்குப் புருவத்தில் நாலு தையல்.

வழக்கு இரண்டு வருடம் இழுத்தது. காவலர்களின் வக்கீல் கேட்டார்: “கேமரா காத்துல திரும்பியிருக்கலாமே?”

“ஒண்ணு திரும்பலாம். நாலும் பேசி வச்சுக்கிட்டா திரும்பும்?”

“என் கட்சிக்காரரை நீங்க கடிச்சீங்களா?”

“கடிச்சேன்.”

“கணக்கு வாத்தியாரம்மா கடிப்பாங்களா?”

“பல்லு இருக்கு, கடிச்சேன்.”

நீதிமன்றமே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. கடித்தபோது சந்தோஷமாக இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இரண்டு காவலர்களுக்கு ஏழு வருடம். மூன்றாமவர் உண்மையைச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். கண்காணிப்பாளருக்கு இடமாற்றம் மட்டும். கம்பி திருடியவன் பிழைத்தான். இடது காது போயிற்று.

ஆனால் விசாரணையில் இன்னொன்றும் வெளியே வந்தது. அதே சலவை அறையில் மே மாதம் ஒரு கைதி “வழுக்கி விழுந்து” செத்திருந்தான். ஏப்ரல் பட்டியல் அப்போது எங்கள் அறையில், தேர்வுத்தாளுக்கு அடியில் கிடந்தது.

யார் சொல்லியும் கேட்காமல் அவன் வீட்டைத் தேடிப் போனார் மேடம். என்னையும் துணைக்கு அழைத்தார். செத்தவனின் அக்கா துணி தேய்க்கும் கடை நடத்துகிறார். சுடச்சுட ஒரு சட்டையை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“ஏப்ரல்லயே தெரிஞ்சிருக்குமா?”

“கணக்குப் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“போட எவ்வளவு நேரமாகும்?”

“அரைமணி.”

மேடத்தின் கன்னத்தில் அப்படி ஒரு அறை விழுந்தது. கண்ணாடி தெருவில் போய்ச் சிதறியது. நான் குறுக்கே போனேன். மேடம் என்னைத் தள்ளிவிட்டார். அந்த அம்மா இன்னொரு முறை கையை ஓங்கினார், அடிக்கவில்லை. மேசைமேலேயே குப்புறக் கவிழ்ந்து அழுதார். தேய்ப்புப் பெட்டி துணியைப் பொசுக்கத் தொடங்கியதும் மேடம்தான் அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“போயிடுங்க” என்றார் அந்த அம்மா, தலையைத் தூக்காமல்.

வந்துவிட்டோம். பேருந்தில் மேடத்தின் கன்னத்தில் ஐந்து விரலும் அப்படியே சிவந்திருந்தன. எதிரே இருந்த பெண் என்னைத்தான் முறைத்துக்கொண்டு வந்தாள்.