உயிரோடிருந்தவளுக்கு வெட்டிய குழி

தங்கச்சி பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லத்தான் அன்று பதுளையிலிருந்து ஓடினேன். லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பழக்கமான தேத்தண்ணிக் கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொட்டிய இப்பதான் லொறியில ஏத்திட்டுப் போறாங்க தம்பி. பொணத்த எப்ப குடுப்பாங்க?"

"யாரோட பொணம்?" என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பதுளையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். தங்கச்சி லுணுகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் மச்சானோடும் எங்கள் அம்மாவோடும், வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பராவில் இருந்தாள். பெண் பிள்ளை பிறந்து மாதம் முடியவில்லை, கால் இரண்டும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே கிடந்திருக்கிறாள். பச்சை உடம்பில் குளிர் ஏறிவிட்டதாம், மிளகுக் கசாயம் காய்ச்சிக் கொடுத்து, ஜன்னலைச் சாத்தி, கம்பளியால் மூடி வைத்திருக்கிறார்கள். உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் மச்சான் அவளைப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வாயில் குழாய் செருகியிருந்தது. பக்கத்தில் ஒரு மெஷின் புஸ் புஸ்ஸென்று அடிக்க, அதற்கேற்ப அவள் நெஞ்சு ஏறி இறங்கியது. வாய் ஓயாத என் தங்கச்சியா இது என்று அவள் முகத்தைக் குனிந்து பார்த்தேன். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் எங்களை வெளியே கூப்பிட்டார்.

"அவ இப்ப தானா மூச்சு விடேல்லை. மெஷின்தான் விடுது. பிள்ளை பிறந்த சிலருக்கு இதயம் இப்பிடிக் களைச்சுப் போறது. நுரையீரலுக்குள்ள தண்ணி நிக்குது. அதை இறக்கி, இதயத்துக்கு ஆறுதல் குடுத்தால் தப்ப இடமிருக்கு."

மச்சானுக்கு எப்போதும் பாதிப் பேச்சு போதும், மீதியை அவரே முடித்துக்கொள்வார். முன்பு எங்கள் லயத்து ஆள் ஒருவரை இப்படித்தான் மெஷினில் போட்டார்கள். அவர் பெட்டியில்தான் திரும்பினார். அன்றிலிருந்து, மெஷினில் போட்டால் பிணத்துக்குக் காற்று அடிக்கிறார்கள் என்பது லயத்துத் தீர்ப்பு. மச்சான் என்னிடம், "புள்ளையப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் குழாயைக் கழற்றினார்கள். தங்கச்சி கண்ணைத் திறந்தாள். அண்ணனிடம் சொல்லக் கூச்சப்படுகிறவள், கரகரத்த குரலில் முதலில் சொன்னதே அதைத்தான்: "அண்ணே, பால் கட்டிக்கிட்டு உயிரு போகுது. பாப்பா எங்க?"

அந்தச் சந்தோஷத்தோடு வந்தவனைத்தான் பிணத்தைப் பற்றிக் கேட்டார்கள். தோட்டத்துக்கு மூச்சிரைக்க ஏறினேன். சாவுக்கு அடிக்கும் தப்பு மேளச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. வாசலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அன்று யாரும் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை, கொழுந்து பறிக்கும் மலை வெறிச்சென்று கிடந்தது. அம்மா தலைவிரி கோலமாகப் பிள்ளையைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாளை முழுங்கிட்டு வந்திருக்கியேடி, பாவி!"

"நிறுத்துங்க! அவ உயிரோட இருக்கா!" என்று கத்தினேன். தப்பு நின்றது, அழுகை நிற்கவில்லை. துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். "பொணத்தக் குடுக்க மாட்டேங்குறாங்களா?" என்று மச்சான் கேட்டார். அவரை அறைந்தால் என்ன என்று தோன்றியது.

"பால் கட்டிக்கிட்டு வலிக்குதுன்னு அழுவுறாம்மா! பாப்பாவக் கேக்குறா!"

அம்மாவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "பால் கட்டியிருக்கா?" என்றாள். பிறகு எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்து, "செத்தவளுக்குப் பால் கட்டுமா?" என்று கத்தினாள். வாசலில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவளே பிய்த்து எறிந்தாள்.

ஆனால் குழி வெட்டியாகிவிட்டது. வெட்டிய குழியை வெறுமனே மூடக்கூடாதாம். ஆள் நீளத்துக்கு ஒரு வாழைத்தண்டை வெட்டி, துணி சுற்றி, மச்சானே தூக்கிப்போய் இறக்கினார். மண் தள்ளும்போது அந்த மனிதர் அதன்மேல் விழுந்து அப்படி அழுதார். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்த நானும் அழுதேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

சில வாரங்களில் தங்கச்சி வீடு வந்தாள். இன்னொரு பிள்ளை கூடவே கூடாது என்று டாக்டரம்மா கண்டித்து அனுப்பியிருந்தார். பெட்டி வாங்கியதையும் வாழைத்தண்டைப் புதைத்ததையும் கேட்டுத் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா ஆழமா வெட்டுனீங்களா?" என்று மச்சானைச் சீண்டினாள். பிறகு, பக்கத்துக் காம்பராக்காரி வாய் தவறி, ஆத்தாளை முழுங்கியவள் என்று பிள்ளையை யாரோ சொன்னதையும் உளறிவிட்டாள்.

தங்கச்சியின் சிரிப்பு அடங்கியது. "எனக்குக் குழி வெட்டுனது போகட்டும். எம்புள்ளைய அப்பிடிச் சொன்னது யாரு?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். "நான்தான்டி" என்றாள். தங்கச்சி பிள்ளையைத் தூக்கி அம்மாவின் மடியில் வைத்தாள்.

"அப்ப நீங்களே அவகிட்டச் சொல்லுங்க, அவ ஆத்தா நான் உயிரோட இருக்கேன்னு."