இருபத்து மூன்று விநாடி எரிந்த தோல்

சனிக்கிழமை காலை அம்பிகா மூன்றாவது துண்டையும் கொளுத்திப் பார்த்தாள். அதுவும் நேரத்துக்கு அணையவில்லை.

ஆம்பூருக்கு வெளியே இருந்த அந்தத் தோல் தொழிற்சாலையில், கழிப்பறைக்குப் பக்கத்துச் சின்ன அறைக்குப் பெயர் லேப். உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் இரும்புப் பெட்டி. ஒரு சாண் அகலம்கூட இல்லாத தோல் துண்டை அதில் தொங்கவிட்டு, அடியில் பன்னிரண்டு விநாடி சுடர் காட்ட வேண்டும். சுடரை எடுத்தபின் பதினைந்து விநாடிக்குள் தோல் தானாக அணைந்தால், அது விமான இருக்கைக்குப் போகலாம். இந்தத் துண்டு இருபத்து மூன்று விநாடி எரிந்தது.

மாலை நாலு மணிக்கு இந்தத் தோலோடு லாரி கிளம்ப வேண்டும். அதைவிட முக்கியமானது, திங்கட்கிழமை பத்து மணிக்கு அவளுக்குப் பெங்களூரில் நேர்முகத் தேர்வு. மின்சாரத்தில் பறக்கும் சிறிய விமானங்களுக்கு இருக்கை செய்கிற கம்பெனி. அசல் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய சான்றிதழ்களோ மேலாளர் பூவரசனின் பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று "பத்திரமா இருக்கட்டும்மா" என்று வாங்கி வைத்ததுதான். மூன்று வருடம் வேலையை விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பாண்டு. முடிய இன்னும் ஆறு மாதம். படித்தவளின் படிப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு அதற்குப் பத்திரம் என்று பெயர் வைக்க இந்த ஊர் முதலாளிகளால்தான் முடியும்.

தோல் டிப்ளமோ படித்த அம்பிகாவுக்கு விமானப் பித்து இந்த லேபில்தான் பிடித்தது. எதற்காக இந்தப் பதினைந்து விநாடி என்று தேடப் போய், சாப்பாட்டு நேரமெல்லாம் செல்போனில் அதையே படித்தாள். தொடக்ககால வான்கப்பல்களின் வாயுப் பைகளை மாட்டுக் குடலின் சவ்வால் செய்தார்கள், ஒரு கப்பலுக்கு ஆயிரக்கணக்கான மாடுகள். வெப்பக்காற்று பலூனில் மனிதன் ஏறும் முன்பே ஓர் ஆட்டையும் வாத்தையும் சேவலையும் ஏற்றி அனுப்பினார்கள். இதை அவள் சொன்னபோது, தோலைப் பதப்படுத்தும் டிரம்மை ஓட்டும் தேவசகாயம் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆடே போய்ட்டு வந்துடுச்சா? நாமதான் இன்னும் போகல!"

பூவரசனுக்கு வேறு வரலாறு. வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டி, "நம்ம முன்னோருங்க எத்தினியோ ஆயிரம் வருஷம் முன்னாடியே விமானம் ஓட்டியிருக்காங்கம்மா" என்பார்.

"அதுல சீட்டுக்குத் தோல் யாரு சார் பதம் பண்ணது?" என்று ஒருநாள் கேட்டாள். அவர் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தோலைத் தொடுகிறவனைத் தெருவுக்குள் விடாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தத் தோலின் மேல் சாய்ந்துகொண்டு கடல் தாண்டிப் போகிறார்கள்.

அம்பிகா கருகிய துண்டை விரலால் தடவினாள். பிசுபிசுவென்று எண்ணெய். நேராக டிரம்முக்குப் போனாள்.

"அண்ணே, இந்த பேட்சுக்கு எண்ணெய் ஜாஸ்தி போட்டீங்களா?"

"கொஞ்சம் சேர்த்துதான் போட்டேன்" என்றார் தேவசகாயம், பெருமையாக. "தொட்டுப் பாரு, வெண்ணெ கணக்கா இருக்குதா? ஆபீஸ் குடுத்த ஸ்லிப்புல எழுதின அளவு ரொம்பக் கம்மி. அப்படியே ஓட்டினா பலகை மாரி வந்துடும். முப்பது வருஷமா ஷூ தோல் ஓட்றேன், எனக்குத் தெரியாதா?"

"இது ஷூவுக்கு இல்லண்ணே. பிளேன் சீட்டுக்கு. எண்ணெய் ஏறினா நெருப்பு அணையாது."

அவர் முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து ஸ்லிப்பை எடுத்து நீட்டினார். அதில் பேட்ச் எண்ணும் அளவுகளும் மட்டும்தான் இருந்தன. "பிளேனுக்குன்னு எவன் சொன்னான் எனக்கு?"

எவனும் சொல்லவில்லை. ஷூத் தோல் மெத்தென்று இருந்தால்தான் விலை போகும் என்று பழகிய கை அது. தோல் எங்கே போகிறது என்பது டிரம்காரனுக்குத் தேவையில்லை என்று ஆபீஸ் முடிவு செய்திருந்தது.

அவள் லேபுக்குத் திரும்பியபோது பூவரசன் காத்திருந்தார். கையில் ஒரு தோல் துண்டு.

"இது போன மாசத்து பேட்ச். இதக் கொளுத்தி, இன்னிக்கு பேட்ச் நம்பரப் போடு."

"சார், இது..."

"திங்கக்கிழம பெங்களூரு போறியாமே?" சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார். "கையெழுத்துப் போட்டுட்டு சர்டிபிகேட்ட எடுத்துக்க. மிச்ச ஆறு மாச பாண்ட நான் பார்த்துக்கறேன். இல்ல, ஃபெயில்னுதான் எழுதுவேன்னா எழுது. தேவசகாயத்த இன்னிக்கே நிறுத்திடறேன். தப்பு அவருதுதானே?"

அவர் போய்விட்டார், சாவியையும் எடுத்துக்கொண்டு. அம்பிகா உட்கார்ந்தாள். ஜன்னல் இல்லாத அறை. தாளில் ஒரு பொய் எண் எழுதினால் கதவு திறக்கும். உண்மையை எழுதினால் அவளுக்குக் கதவு பூட்டும், தேவசகாயத்துக்கு வேலை போகும். பறப்பதன் விதிகள் ஒவ்வொன்றும் யாரோ எரிந்தும் விழுந்தும் செத்தபின் எழுதப்பட்டவை என்று அவள் படித்திருந்தாள். ஆபத்து வந்தால் தொண்ணூறு விநாடிக்குள் விமானத்தைக் காலி செய்தாக வேண்டும். அந்தத் தொண்ணூறில் எட்டு விநாடியைத் திருடச் சொல்கிறார் இந்த மனிதர்.

அந்த எட்டு விநாடியில் கடைசி வரிசையில் யார் இருப்பார்கள்?

மூன்று சோதனைகளின் விநாடிகளையும் உள்ளபடியே எழுதினாள். தோல்வி என்று எழுதினாள். 'காரணம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. பிறகு எழுதினாள்: "இந்தத் தோல் விமான இருக்கைக்கு என்று டிரம் பிரிவுக்குச் சொல்லப்படவில்லை. வேலை ஸ்லிப்பில் எண் மட்டுமே உள்ளது." ஸ்லிப்பையும் படம் பிடித்துச் சேர்த்தாள். சோதனை முடிவுகளைத் தோல் வாங்கும் கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்புவது அவள் வேலை. அனுப்பினாள்.

நாலு மணிக்கு லாரி காலியாகப் போனது. பூவரசன் வாசலில் வந்து நின்றார்.

"பெரிய ஆளுதான் நீ. பாண்டு முடியற வரைக்கும் சர்டிபிகேட் பக்கமே வராத."

"என்கிட்ட வாங்கி வெச்சிருக்கீங்கன்னு பெங்களூருல காட்ட எழுதியாவது குடுங்க சார்."

"எழுதிக் குடுக்கறதுக்கு இன்னா இருக்குது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அம்பிகா லேபில் இருந்தாள். பெங்களூரிலிருந்து ஒரு பெண் அழைத்து, அசல் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது, அடுத்த முறை பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொன்னாள். அடுத்த முறை எப்போது என்று அம்பிகா கேட்பதற்குள் இணைப்பு போய்விட்டது.

தேவசகாயம் உள்ளே எட்டிப் பார்த்தார். அவரை நிறுத்தவில்லை. காரணம் எழுத்தில் வெளியே போனபின் பழியை அவர் தலையில் கட்ட ஆபீசுக்கு வழியில்லை.

"நீ போகலியாம்மா? என்னாலதானே?"

"உங்களால இல்லண்ணே."

அவர் அன்றைய ஸ்லிப்பை மேசையில் வைத்தார். எண்ணுக்குக் கீழே யாரோ வேண்டாவெறுப்பாகக் கிறுக்கியிருந்தார்கள்: விமான இருக்கை. எண்ணெய் கூட்டக் கூடாது.

"இன்னிக்குத்தான் எழுதினானுங்க" என்றார்.

அம்பிகா அதைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். வராந்தாவுக்கு அந்தப் பக்கம் பூவரசனின் பீரோ திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எண்ணெய் எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டாள்.

"எழுதின அளவுதான். பலகை மாரிதான் இருக்குது" என்றார் தேவசகாயம் வருத்தத்தோடு.